வியட்நாம் போரை நிறுத்தியது அமெரிக்கத் தெருக்களா?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். வியட்நாம் போரை அமெரிக்க மாணவர்களின் போராட்டம்தான் நிறுத்தியது என்று படித்து வளர்ந்திருக்கிறீர்கள். ஆனால் 2003இல் ஈராக் மீதான போருக்கு எதிராக உலகெங்கும் அதைவிடப் பெருங்கூட்டம் திரண்டும் போர் நிற்கவில்லை. அப்படியானால் முதலில் படித்தது உண்மையா, இல்லை பிற்காலத்தில் கட்டிய கதையா என்பது உங்கள் ஐயம். கேள்வியின் உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன்: தெருவில் நிற்கும் கூட்டத்தின் எதிர்ப்பு, போர் பற்றி முடிவெடுக்கும் அறைக்குள் எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது? அந்த வழியைப் பார்த்துவிட்டால் இரண்டு போர்களின் வேறுபாடும் விளங்கிவிடும்.

கல்லூரியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நவீன உலக வரலாறு நடத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அமெரிக்கத் தரப்பு ஆவணங்களையும் நினைவுக்குறிப்புகளையும் நேரடியாகப் படித்திருக்கிறேன். வியட்நாமிய மொழி தெரியாததால் ஹனோய் தரப்பை, அதாவது அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட வட வியட்நாமின் தரப்பை, மொழிபெயர்ப்புகள் வழியாக மட்டுமே அறிவேன். இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் படையை வியட்நாமிலிருந்து வெளியேற வைத்த முதற்காரணம் வியட்நாமியர்கள் விட்டுக்கொடுக்காமல் போரிட்டதுதான். வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட கணக்கின்படி அவர்கள் தரப்பில் இறந்த போராளிகள் ஏறத்தாழ 11 லட்சம் பேர். வடக்கு, தெற்கு என்று பிரிந்திருந்த நாட்டின் இரு பகுதிகளிலும் இறந்த பொதுமக்கள் 20 லட்சம் பேர். அமெரிக்கப் படையில் இறந்தவர்கள் 58,000 பேருக்கு மேல். இந்த எண்களை ஓரமாக வைத்துவிட்டு, கலிபோர்னியாவில் கிட்டார் வாசித்தவர்கள் போரை முடித்துவைத்தார்கள் என்று சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. எதிர்ப்பியக்கம் செய்தது வேறொன்று. போர் இன்னும் பெரிதாகக் கூடிய சில தருணங்களில் அது குறுக்கே நின்றது. அது சிறிய காரியமல்ல.

தொடக்கத்தில் எதிர்ப்பே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் நிலைமை இருந்தது. 1964 ஆகஸ்டில், வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்தக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் வந்தபோது அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் 416 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர் ஒருவர்கூட இல்லை. செனட்டில் 88 பேர் ஆதரிக்க, வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் என்ற இருவர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார்கள். அடுத்த மார்ச்சில் தொடர் குண்டுவீச்சு தொடங்கியது, அமெரிக்க மரைன் படையினர் தென் வியட்நாமின் டானாங்கில் இறங்கினார்கள். அதே மாதம் 24ஆம் தேதி இரவு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் விடிய விடிய உட்கார்ந்து வியட்நாம் என்ற நாடு எங்கே இருக்கிறது, பிரெஞ்சுக்காரர்கள் அங்கே என்ன செய்தார்கள், 1954 ஜெனிவா உடன்பாடு என்ன சொன்னது என்று பேசினார்கள். ‘டீச்-இன்’ என்று பெயர் பெற்ற இந்த வழக்கம் சில வாரங்களில் பல வளாகங்களுக்குப் பரவியது. முழக்கத்துக்கு முன்பாகப் பாடம் நடந்த இயக்கம் என்பதால் ஓர் ஆசிரியனாக எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். ஏப்ரல் 17 அன்று வாஷிங்டனில் நடந்த முதல் பெரிய பேரணிக்கு ஏறத்தாழ 20,000 பேர் வந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று நார்மன் மோரிசன் என்பவர், போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர், பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாராவின் அலுவலகச் சாளரத்துக்குக் கீழே தீக்குளித்தார். அந்தச் சாவு தன்னையும் தன் குடும்பத்தையும் எவ்வளவு பாதித்தது என்றும், அதைப் பற்றி வீட்டில் பேச முடியாமல் போனது என்றும் மக்னமாரா முப்பது ஆண்டுகள் கழித்து எழுதினார். பதவியில் இருந்தபோது அவர் எதையும் வெளிக்காட்டவில்லை.

இப்போது நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். போர் மக்களிடம் செல்வாக்கு இழந்தது என்பதும், போரை எதிர்த்தவர்கள் மக்களிடம் செல்வாக்குப் பெற்றார்கள் என்பதும் ஒன்றல்ல. படை அனுப்பியது தவறா என்று, கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் அமைப்பு திரும்பத் திரும்பக் கேட்டுவந்த கேள்விக்கு, 1965 ஆகஸ்டில் தவறு என்றவர்கள் 24 விழுக்காடு; 1967 அக்டோபரில் 47 விழுக்காடு, அதாவது சரி என்றவர்களைவிட அதிகம்; 1971 மே மாதத்தில் 61 விழுக்காடு. ஆனால் 1968 ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே காவல்துறை ஆர்ப்பாட்டக்காரர்களை அடித்து நொறுக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகும், காவல்துறை செய்தது சரி என்றவர்களே பெரும்பான்மை, 56 விழுக்காடு. 1970 மே 4 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படையினர் 13 விநாடிகளில் 67 குண்டுகள் சுட்டு நான்கு மாணவர்களைக் கொன்றபோதும், பழி மாணவர்கள் மேல்தான் என்றவர்கள் 58 விழுக்காடு. போரை வெறுத்தார்கள், போரை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களை அதைவிட வெறுத்தார்கள். இந்த இரண்டும் ஒரே மனத்தில் சேர்ந்து இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ளாமல் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

இதை வைத்துத்தான் அரசியல் அறிஞர் ஜான் முல்லர் ஒரு வலுவான வாதத்தை எழுப்பினார். கொரியப் போருக்கு எதிராக அமெரிக்காவில் பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் நடக்கவில்லை. அப்படியிருந்தும் அமெரிக்கர் சாவு எண்ணிக்கை ஏற ஏற அந்தப் போருக்கான ஆதரவு சரிந்தது, வியட்நாமிலும் அதே வகைச் சரிவுதான் என்றார் அவர். கருத்துக்கணிப்பு எண்களைப் பொறுத்தவரை அவர் சொல்வதை மறுப்பது கடினம். ஊர்வலத்தைப் பார்த்து மனம் மாறியவர்களைவிட, பக்கத்து வீட்டுப் பையனின் சவப்பெட்டியைப் பார்த்து மனம் மாறியவர்களே அதிகம் என்று நானும் நம்புகிறேன். ஆனால் போர் பற்றிய முடிவுகளைக் கருத்துக்கணிப்பு எடுப்பதில்லை, ஒரு சிறு அறையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் எடுக்கிறார்கள். அந்த அறையில் நடந்ததற்கு ஆவணம் இருக்கிறது.

இரண்டு தருணங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது 1968 மார்ச். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வட வியட்நாம் தரப்பு தெற்கின் நகரங்கள் மீது நடத்திய டெட் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க இராணுவத் தலைமை மேலும் 2,06,000 வீரர்களைக் கேட்டது. அதைப் பரிசீலித்த பாதுகாப்புத் துறைக் குழுவின் குறிப்பு பின்னாளில், போரின் ரகசிய வரலாறான பென்டகன் ஆவணங்களில் வெளியானது. இவ்வளவு பேரைத் திரட்டினால் கட்டாய இராணுவச் சேர்ப்பை மீறுவோர் பெருகுவார்கள், நகரங்களில் அமைதியின்மை கூடும், நாடு இதுவரை காணாத உள்நாட்டு நெருக்கடி மூளலாம் என்று அந்தக் குறிப்பு எச்சரிக்கிறது. எதிர்ப்பு என்ற ஒன்று, படைபலம், செலவு ஆகியவற்றோடு சேர்த்து எடைபோட வேண்டிய இனமாகிவிட்டதை அதில் பார்க்கலாம். கேட்ட படை அனுப்பப்படவில்லை. மார்ச் 31 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன் வடக்கின் பெரும்பகுதி மீதான குண்டுவீச்சை நிறுத்துவதாகவும், மீண்டும் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் அறிவித்தார். இதற்கு முன், மார்ச் 12 அன்று, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நியூ ஹாம்ப்ஷயர் முதற்கட்டத் தேர்தலில், நீண்ட முடியை வெட்டி முகம் மழித்து வீடுவீடாகப் போன மாணவர்களின் உழைப்பால், போரை எதிர்த்த செனட்டர் யூஜின் மெக்கார்த்தி 42 விழுக்காடு வாக்குகள் பெற்றிருந்தார். பதவியில் இருந்த ஜான்சனுக்குக் கிடைத்தது 49. இதை அமைதிக்கான வாக்கு என்று எழுதுவது வழக்கம். அது முழு உண்மையல்ல. போரை இன்னும் கடுமையாக நடத்தவில்லையே என்ற கோபத்தில் மெக்கார்த்திக்குப் போட்டவர்களும் அவர்களில் நிறைய இருந்தார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது.

இரண்டாவது தருணம் 1969 இலையுதிர் காலம். என் கணிப்பில் இயக்கத்தின் மிகப் பெரிய சாதனை இங்கேதான் இருக்கிறது. அதைச் சாதித்தவர்களுக்கே அப்போது அது தெரியாது. ஜான்சனுக்குப் பின் குடியரசுத் தலைவரான நிக்சன் ரகசியமாக ஹனோய்க்கு நவம்பர் 1ஆம் தேதியைக் கெடுவாக விதித்திருந்தார். அதற்குள் இணங்காவிட்டால் ஹனோய் மீது பெருங்குண்டுவீச்சு, ஹைஃபாங் துறைமுகத்தில் கண்ணிவெடிகள் என்று ஒரு திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. இந்தத் திட்டத்தைப் பற்றி எதுவும் அறியாதவர்கள் அக்டோபர் 15 அன்று நாடு முழுவதும் அன்றாட வேலையை நிறுத்திவிட்டுப் போரை எதிர்ப்பது என்று முடிவு செய்தார்கள். பாஸ்டன் பூங்காவில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடினார்கள். பெருநகரங்களில் மட்டுமல்ல, சிற்றூர்த் தேவாலயங்களில் மணி அடித்தது, இறந்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டன, வழக்கறிஞர்களும் இல்லத்தரசிகளும் கைப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். இதனால் எந்த நிலையிலும் தான் அசையப்போவதில்லை என்று நிக்சன் முன்கூட்டியே பத்திரிகையாளர்களிடம் சொல்லியிருந்தார். ஆனால் பதவி இழந்த பிறகு எழுதிய நினைவுக்குறிப்பில், அந்த அக்டோபர் நிகழ்வு தன் இறுதி எச்சரிக்கையின் நம்பகத்தன்மையைக் கெடுத்துவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார். கெடு வந்தது, திட்டம் கைவிடப்பட்டது. பாதுகாப்பு அமைச்சரும் வெளியுறவு அமைச்சரும் அதை எதிர்த்தார்கள் என்பதையும், அது பலன் தருமா என்ற ஐயம் நிக்சனின் ஆலோசகர்களிடமே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எதிர்ப்புக்கு அதில் பங்கு உண்டு என்பது உறுதி. எத்தனை பங்கு என்பதில்தான் வரலாற்றாசிரியர்கள் பிரிகிறார்கள்.

அந்த நவம்பரில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 13ஆம் தேதி மாலை தொடங்கி 15ஆம் தேதி காலை வரை, ஏறத்தாழ 40,000 பேர் ஒருவர் பின் ஒருவராக ஆர்லிங்டன் கல்லறையிலிருந்து வெள்ளை மாளிகை வழியாக நடந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. அதில் இறந்த ஓர் அமெரிக்க வீரரின் பெயர், அல்லது அழிக்கப்பட்ட ஒரு வியட்நாமிய ஊரின் பெயர். வெள்ளை மாளிகைக்கு எதிரே வந்ததும் அந்தப் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு நடந்து, நாடாளுமன்றத்துக்கு அருகே வைத்திருந்த சவப்பெட்டிகளில் அட்டையைப் போட்டார்கள். கடுங்குளிரில் இரண்டு இரவுகள் அது நடந்தது.

கூட்டத்தின் அளவை விட்டுவிட்டு, யார் பேசினார்கள் என்பதைப் பாருங்கள். எதிர்ப்பு என்றால் நீண்ட முடி வைத்த வசதியான வீட்டு மாணவர்கள் என்ற படம் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. உண்மையில் அந்தக் காலக் கருத்துக்கணிப்புகளில் கல்லூரி படித்தவர்களைவிடப் படிப்புக் குறைந்தவர்களே போரை அதிகம் தவறென்றார்கள். அதில் வியப்பில்லை: கல்லூரியில் இருப்பவருக்குக் கட்டாயச் சேர்ப்பிலிருந்து தற்காலிக விலக்கு உண்டு, ஆலைக்கு வேலைக்குப் போகும் பையனுக்குக் கிடையாது. 1967 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் இதைத்தான் சொன்னார். உள்நாட்டில் ஒரே பள்ளியில் சேர்ந்து உட்கார முடியாத கறுப்பின, வெள்ளையின இளைஞர்கள் ஏழை வியட்நாமியரின் குடிசைகளை எரிக்க மட்டும் ஒன்றாக அனுப்பப்படுவதை எடுத்துக்காட்டினார். பெரும் நாளேடுகள் அவரைக் கண்டித்தன. அதே மாதம் 28ஆம் தேதி முகமது அலி படையில் சேர மறுத்து, குத்துச்சண்டைப் பட்டத்தையும் தம் விளையாட்டு வாழ்வின் சிறந்த ஆண்டுகளையும் இழந்தார். உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது 1971 ஜூனில். பெயர் தெரியாத இளைஞர்கள் இன்னும் பலர். சேர்ப்புச் சட்டத்தை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல், தண்டிக்கப்பட்டவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. அத்தனை வழக்குகளை நடத்த நீதிமன்றங்களால் முடியவில்லை. ஒரு சட்டம் இப்படித்தான் செயலிழக்கிறது. கென்ட் சூட்டுக்குப் பதினோரு நாட்கள் கழித்து மிசிசிப்பியின் ஜாக்சன் கல்லூரியில் கறுப்பின இளைஞர்கள் இருவர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டதை நம்மில் எத்தனை பேர் அறிவோம் என்பதையும் இங்கே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எவராலும் ஒதுக்கித்தள்ள முடியாத குரல் 1971 ஏப்ரலில் வந்தது. போரிலிருந்து திரும்பிய முன்னாள் படைவீரர்கள், சிலர் சக்கர நாற்காலியில், வாஷிங்டனில் முகாமிட்டார்கள். 22ஆம் தேதி ஜான் கெர்ரி என்ற இருபத்தேழு வயது முன்னாள் கடற்படை அதிகாரி செனட் குழுமுன், ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி மனிதனாக இருக்கும்படி ஒருவனை எப்படிக் கேட்பீர்கள் என்று வினவினார். மறுநாள் நூற்றுக்கணக்கானோர் நாடாளுமன்றப் படிகளை மறித்துக் கட்டிய வேலிக்கு மேலாகத் தங்கள் பதக்கங்களை வீசி எறிந்தார்கள். இவர்களைக் கோழைகள் என்றோ விவரம் தெரியாதவர்கள் என்றோ எவரும் சொல்ல முடியவில்லை. படைக்குள்ளேயும் நிலைமை மோசமாகியிருந்தது: ஓடிப்போவோர் பெருகினார்கள், ரோந்துக்குப் போக மறுத்தார்கள், அதிகாரிகள் மீது சொந்த வீரர்களே கையெறிகுண்டு வீசிய நிகழ்வுகள் நடந்தன. அமெரிக்க இராணுவம் நொறுங்கும் தறுவாயில் இருக்கிறது என்ற அளவுக்கு அதன் சொந்த அதிகாரிகளே அச்சம் தெரிவித்தார்கள். படை வேகமாகக் குறைக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

டேனியல் எல்ஸ்பெர்க்கின் கதை, நீங்கள் கேட்ட வழியை மிகத் தெளிவாகக் காட்டும் சான்று. முன்னாள் மரைன் படைவீரர், பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் வேலை பார்த்தவர், போரின் ரகசிய வரலாற்றைத் தொகுத்த குழுவில் இருந்தவர். 1968இல் பிரின்ஸ்டனில் ஒரு மாநாட்டில் காந்தியச் சிந்தனையில் ஊறிய இந்தியப் பெண் ஒருவரைச் சந்தித்தது அவரை அசைத்தது. 1969 ஆகஸ்டில் ஹேவர்ஃபோர்டில் நடந்த போர் எதிர்ப்பாளர் கூட்டத்தில், படையில் சேர மறுத்துச் சிறைக்குப் போக ஆயத்தமாக இருந்த இளைஞர் ஒருவர் அமைதியாகப் பேசியதைக் கேட்டு, வெளியே போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த அக்டோபரில் அந்த ரகசிய வரலாற்றின் ஏறத்தாழ 7,000 பக்கங்களை நகலெடுக்கத் தொடங்கினார். 1971 ஜூன் 13 அன்று அவை நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் வெளிவரத் தொடங்கின. அவரைப் பழிவாங்க வெள்ளை மாளிகை அமைத்த ரகசியக் குழு அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைத்து நுழைந்தது. அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களே அடுத்த ஆண்டு, எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்தில் மாட்டினார்கள். ஒரு சிறு அரங்கில் ஓர் இளைஞர் பேசிய பேச்சு எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

எதிர்ப்பின் எல்லை எங்கே என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1969இல் கைவிட்ட அதே துறைமுகக் கண்ணிவெடித் திட்டத்தை நிக்சன் 1972 மே மாதத்தில் நிறைவேற்றினார். டிசம்பரில் ஹனோய் மீது பெருங்குண்டுவீச்சையும் நடத்தினார். 1969 ஏப்ரலில் 5,43,000 ஆக இருந்த அமெரிக்கப் படை அப்போது மிகச் சுருங்கியிருந்தது, கட்டாயச் சேர்ப்பும் குறைந்திருந்தது, தெருவில் கூட்டமும் குறைந்தது. தம் பிள்ளைகள் சாகாதபோது வியட்நாமியர் சாவது அமெரிக்கர்களில் பலரை அதே அளவு உலுக்கவில்லை. இது கசப்பான உண்மை. அப்போது போருக்குக் கடிவாளம் போட்டது நாடாளுமன்றம்: அமெரிக்கப் படை வெளியேற வகைசெய்த பாரிஸ் உடன்பாட்டுக்குப் பிறகு 1973 ஆகஸ்ட் 15உடன், வியட்நாம், லாவோஸ், கம்போடியா அடங்கிய இந்தோசீனாவில் எல்லா அமெரிக்கப் போர் நடவடிக்கைகளுக்கும் பணம் நிறுத்தப்பட்டது. 416க்குப் பூஜ்யம் என்று வாக்களித்த அதே அமைப்பு ஒன்பது ஆண்டுகளில் அங்கே வந்து சேர்ந்தது.

போராட்டம் ஹனோய்க்குத் தெம்பூட்டிப் போரை நீட்டித்தது என்ற எதிர்வாதமும் உண்டு. ஹனோய்த் தலைமை அமெரிக்கப் போராட்டங்களைக் கவனித்தது, 1969 அக்டோபரில் வாழ்த்துக் கடிதமே அனுப்பியது. ஆனால் பிரெஞ்சுக்காரர்களோடு எட்டு ஆண்டுகள் போரிட்டவர்கள் பாஸ்டன் பேரணிக்காகக் காத்திருந்தார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. இயக்கத்தை வெளிநாட்டுச் சக்திகள் இயக்குகின்றன என்ற குற்றச்சாட்டையோ, ஜான்சன் கேட்டுக்கொண்டபடி 1967இல் ஆராய்ந்த அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவே சான்றில்லை என்று சொல்லிவிட்டது.

இனி ஈராக். 2003 பிப்ரவரி 15 அன்று பல நூறு நகரங்களில் லட்சோபலட்சம் பேர் திரண்டார்கள். 33 நாட்களில் போர் தொடங்கிவிட்டது. வியட்நாம் எதிர்ப்புக்கு எட்டு ஆண்டுகள் கிடைத்தன. இதற்கு ஐந்து வாரம். முக்கியமாக, 1973இல் கட்டாயச் சேர்ப்பு முடிந்துபோனதால் அமெரிக்கக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் போர் வாசற்படி ஏறி வரவில்லை. மறுக்க வேண்டிய அழைப்பாணையே வராதவர், ஊர்வலம் முடிந்ததும் வீட்டுக்குப் போவதைத் தவிர என்ன செய்வார்? ஆனாலும் அந்தப் போராட்டங்கள் வீண் என்று சொல்லிவிடாதீர்கள். 2003 மார்ச் 1 அன்று அங்காராவில் பெருங்கூட்டம் திரண்டிருந்த நாளில், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களைத் தன் மண் வழியே அனுமதிக்கும் தீர்மானம் துருக்கி நாடாளுமன்றத்தில் 264க்கு 250 என்று வாக்குகள் பெற்றும், 19 பேர் நடுநிலை வகித்ததால் தேவையான பெரும்பான்மையின்றித் தோற்றது. வடக்கிலிருந்து நுழையக் காத்திருந்த ஒரு படைப்பிரிவின் தளவாடங்கள் கப்பல்களில் சுற்றிக்கொண்டு குவைத் போக வேண்டியதாயிற்று. பிரிட்டனில் 2003இல் போருக்கு 412க்கு 149 என்று ஒப்புதல் தந்த அதே கீழவை, 2013 ஆகஸ்டில் சிரியா மீதான தாக்குதலை 285க்கு 272 என்று நிராகரித்தது. அந்த விவாதத்தில் உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டது ஈராக்கைத்தான். 2003 பிப்ரவரியின் லண்டன் பேரணிக்கும் அந்த வாக்கெடுப்புக்கும் இடையே நேர்க்கோடு போட்டுக்காட்ட என்னிடம் ஆவணம் இல்லை. துருக்கி விஷயத்தில் ஓரளவு உறுதியாகவும், இதில் என் ஊகமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.